நன்றிக்குப் பின்னால் ஒரு பக்கம்

ஏழு புள்ளிகளைப் பார்த்து நான் நடுங்கினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆலங்குடியில் தண்ணீர் மோட்டாருக்கு உதிரிபாகம் விற்கிற கடை அவருடையது. ஒரு சாமான் பழுது என்றால் கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பார், காதோரம் வைத்துக் கேட்பார், தீர்ந்தது வேலை. என் சாமான் ஒரு தேற்றம். அதை ஆட்டினால் சத்தம் வராது. உள்ளே பழுது இருந்தாலும் வருஷக்கணக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிற கௌரவ விரிவுரையாளர் நான். கௌரவமெல்லாம் பெயரில்தான். முனைவர் பட்டம் இல்லாதவர்கள் அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஆய்வேட்டை ஒருவழியாகக் கொடுத்து, தேர்வாளர்களும் நல்லபடியாக எழுதி அனுப்பிவிட்டார்கள். பாக்கி இருந்தது வெள்ளிக்கிழமை காலை வாய்மொழித் தேர்வு மட்டும். வைவா என்போம். கல்லூரி அரங்கத்தில் நாலு பேர் அறிய நின்று, ஏழு வருஷத்து வேலையை முக்கால் மணி நேரத்தில் திரையில் காட்ட வேண்டும். அதைத் தாண்டினால் பட்டம், பட்டம் வந்தால் வேலை.

திரையில் காட்டுகிற பக்கங்களை மற்ற துறைக்காரர்கள் இழுத்து ஒட்டிச் செய்துவிடுவார்கள். கணக்குக் குறிகளுக்கு அது சரிப்படாது. எங்களுக்கு லேடெக்ஸ் என்கிற மென்பொருள்தான். அதில் பக்கத்தை நாம் வரைவதில்லை, கட்டளையாகத் தட்டுகிறோம். இங்கே தலைப்பு, இங்கே சமன்பாடு, இந்த வரியை அடுத்த தட்டலில் காட்டு என்று எழுதிப் பொத்தானை அழுத்தினால் அச்சுக் கோத்த மாதிரி பக்கம் வந்து நிற்கும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் வராது, சிவப்பெழுத்தில் திட்டும். என் தோளுக்குப் பின்னால் நின்று ஒருநாள் எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், “என்னம்மா இது, மருந்தத் தின்ன எறும்பு கூட்டமாச் செத்துக் கெடக்குற மாதிரி இருக்கு” என்றார்.

அந்த எறும்புகளில் எனக்குப் பிடித்தது சதவீதக் குறி. ஒரு வரிக்கு முன்னால் அதைப் போட்டால் மென்பொருள் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும். பக்கத்தில் வராது, கோப்பில் மட்டும் கிடக்கும். எங்கள் துறையில் ஒரே கோப்புதான் ஆள் மாற்றி ஆள் கைமாறி வருகிறது. வைவா முடித்தவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அடுத்தவர் தலைப்பையும் பெயரையும் தேற்றங்களையும் மாற்றிக்கொள்வார். ஆனால் சதவீதக் குறிக்குப் பின்னால் முன்னே போனவர்கள் எழுதி வைத்ததை யாரும் அழிப்பதில்லை. ‘இங்கே மூச்சு விடு.’ ‘இந்தப் பக்கத்தில் மேடம் முறைப்பார், நிற்காதே.’ ‘பிளவுஸ் தைக்கக் கொடுத்ததை வாங்கணும்.’ எனக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் குரல் அதில் கேட்கும். அதைப் படித்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் துறைக் கணினி அறையில் ஐந்தாவது அத்தியாயத்துக்கு வந்தேன். அதுதான் ஆய்வேட்டின் முதுகெலும்பு. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படங்களைப் பற்றியது என் ஆய்வு. சில புள்ளிகளில் காவல் வைக்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் காவல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு வழியாகத் தொட்டாற்போல் இருக்கிற பக்கத்துப் புள்ளியில் இருக்க வேண்டும். மொத்தம் எத்தனை காவல் போதும்? ஒரு குறிப்பிட்ட வகைப் படங்களுக்கு ‘இத்தனைக்கு மேல் தேவைப்படாது’ என்று ஒரு எல்லை சொன்னதுதான் என் தேற்றம். நிரூபணம் நாலு பக்கம். ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள சின்னப் படத்தில் கணக்கை முடித்து, திரும்பப் பெரிய படத்துக்கு வருகிற வழி.

ஆய்வேட்டில் அந்த நிரூபணத்துக்குப் படம் கிடையாது. எழுத்திலேயே சொல்லிவிட்டேன். ஆனால் திரையில் நாலு பக்க எழுத்தைக் காட்டினால் அரங்கம் கொட்டாவி விடும் என்று மேடம் சொல்லியிருந்தார். மேடம் என்றால் என் வழிகாட்டி. சரி, ஒரு சின்ன உதாரணம் வரைவோம் என்று ஏழு புள்ளிக்குக் கட்டளை தட்டினேன். ஒரு சதுரம். அதன் ஒரு மூலையிலேயே தொடங்கி அடுத்த பக்கம் இன்னொரு சதுரம். நடுப்புள்ளி இரண்டுக்கும் பொது. பொத்தானை அழுத்தியதும் அழகாக வந்து விழுந்தது, இரண்டு காற்றாடி மூக்கோடு மூக்கு ஒட்டின மாதிரி.

எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றது என் நிரூபணம். நடுப்புள்ளியை எடுத்தேன். படம் இரண்டாகப் பிரிந்துபோனது.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டை மூடிவிட்டால் கிழக்கே இருக்கிறவர்கள் கிழக்கேயும் மேற்கே இருக்கிறவர்கள் மேற்கேயும் நின்றுவிடுவார்களே, அப்படி. என் நிரூபணமோ, ‘மிச்சமுள்ள படம் ஒன்றாகவே இருக்கும்’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தது. ஏன் என்று சொல்லவில்லை. ஏழு வருஷத்தில் நானும் கேட்கவில்லை, மேடமும் கேட்கவில்லை, தேர்வாளர்களும் கேட்கவில்லை. சரி, வழிதானே தப்பு, விடை சரியாக இருக்கலாமே என்று காவலை எண்ணினேன். என் தேற்றப்படி ஏழு புள்ளிக்கு இரண்டு காவல் போதும். இந்த மூலையில் வைத்தேன், அந்த மூலையில் வைத்தேன், நடுவில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு புள்ளி அநாதையாக நின்றது. மூன்று வேண்டியிருந்தது. தேற்றமே பொய்.

வெளியே வராந்தாவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன். மூன்றுதான். படத்தை முழுக்கத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சதவீதக் குறி போட்டேன். அழுத்தினேன். ஏழு புள்ளியும் மறைந்தன. அதற்குக் கீழே இன்னொரு சதவீதக் குறி போட்டு, தமிழிலேயே தட்டினேன்: ‘நடுப்புள்ளியை எடுத்தால் உடைகிறது. தேற்றம் தப்பு. வெள்ளிக்கிழமை யாரும் கேட்காமல் இருந்தால் பிழைத்தேன்.’

யாரிடமும் சொல்ல முடியாததை அங்கே சொன்னேன். எழுதி முடித்ததும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

செவ்வாய்க்கிழமை மேடம் போன் செய்து, “எல்லாம் ரெடியாம்மா?” என்றார். அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறவர். நான்தான் அவருடைய கடைசி ஆய்வு மாணவி. “ரெடி மேடம்” என்றேன். பொய் எவ்வளவு லேசாக வாயில் வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் இன்னும் மோசம். வைவா முடிந்ததும் போர்த்துவதற்குப் பொன்னாடை வாங்கி வைத்துவிட்டார் வீட்டுக்காரர். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வர வேன் பேசியாயிற்று. “ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்க?” என்றார். “பரீட்சைன்னா பயமா இருக்காதா?” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் கடைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை எனக்கு அடுத்தபடியாக ஆய்வு செய்கிறவள் வாட்ஸ்அப்பில் கேட்டாள். “அக்கா, அடுத்த வருஷம் எனக்கு. ஒங்க ஃபைல அனுப்புங்களேன், இப்பவே பழகிக்கிறேன்.” இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, கடைசி முறையாகக் கால நீட்டிப்பு வாங்கி ஓடிக்கொண்டிருக்கிறவள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பக்கங்களை மட்டும் அனுப்பியிருக்கலாம். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, கையெழுத்துப் பிரதி மாதிரி அந்தக் கட்டளைக் கோப்பைத்தான் கொடுப்போம். அனுப்பிவிட்டு வகுப்புக்குள் போனேன்.

பலகையில் பாதிக் கணக்கில் நிற்கும்போது நினைவு வந்தது. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது. முதல் பெஞ்சில் ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். ‘தேற்றம் தப்பு.’ என் கையால் தட்டி, என் பெயர் போட்ட கோப்பில் அனுப்பியிருக்கிறேன். மணி அடிக்கும்வரை என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது. வெளியே வந்து போனைப் பார்த்தால் இரண்டு நீல டிக். பார்த்துவிட்டாள். பதில் ஒன்றும் இல்லை. எப்போதும் கை கூப்புகிற பொம்மை ஒன்று போடுவாள், அதுவும் இல்லை. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அழித்தால், இங்கே ஒன்று அழிக்கப்பட்டது என்றுதான் காட்டும், கேட்டு வாங்கின வம்பு. அன்று முழுவதும் போன் அதிர்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேடத்திடம் சொல்லியிருப்பாளா? மற்றவர்களிடம் காட்டியிருப்பாளா?

வியாழக்கிழமை காலை கணினி அறையில் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தினாள். கண் வீங்கியிருந்தது.

“படிச்சிட்டேங்க்கா” என்றாள்.

பையைக் கழற்றாமலே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நானும் வரஞ்சு பாத்தேன். மூணுதான் வருது.” நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். “அக்கா, என்னோட மூணாவது அத்தியாயம் முழுக்க ஒங்க தேற்றத்து மேலதான் நிக்குது. முத வரியே அதுதான். அது விழுந்தா நானும் விழுந்தேன். எனக்கு இதுக்கு மேல டைம் கெடையாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டிக்கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்லிறாதீங்க” என்றாள். “ஒங்க மனசு எனக்குத் தெரியும், மேடைல நின்னு ஒளறிருவீங்க. ஒரு வருஷம் கழிச்சு நானும் முடிச்சிறேன். அப்பறம் யாரு பாக்கப் போறா? தயவுசெஞ்சு சொல்லாதீங்கக்கா.”

என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. “சொல்லலை” என்றேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதி. எனக்காக இல்லை, அவளுக்காக மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

எங்கள் வைவாக்களில் இன்னொரு வழக்கம் உண்டு. கடைசியில் அரங்கத்தைப் பார்த்து, பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்பார்கள். யாரும் கேட்காவிட்டால் அசிங்கம். அதனால் ஆய்வாளரே முதல் நாள் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி வேண்டியவர்களிடம் கொடுத்துவிடுவார். நான் இரண்டு சீட்டு எழுதினேன். ஒன்று இயற்பியல் துறை சாருக்கு. இன்னொன்றை அவளிடமே கொடுத்தேன்: ‘உங்கள் ஆய்வின் நடைமுறைப் பயன் என்ன?’ இதற்கு நான் தூக்கத்திலும் பதில் சொல்வேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு கோப்பைத் திறந்தேன். அந்த ஏழு புள்ளியை அழிக்கத்தான் திறந்தேன். கை வரவில்லை. அழித்தால் நான் சுத்தமாகப் பொய்க்காரி. ஐந்தாவது அத்தியாயத்திலேயே திரையில் தெரியவிட்டால் நாளைக்கு மானம் போகும். கடைசியில் ஒரு கோழைத்தனமான ஏற்பாடு செய்தேன். சதவீதக் குறிகளை எடுத்துவிட்டு, படத்தைத் தூக்கி, ‘நன்றி’ என்று முடிகிற கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வைத்தேன். நன்றிக்குப் பிறகு யாரும் அடுத்த பொத்தானை அழுத்தமாட்டார்கள். யாராவது கேட்டால் காட்டுவேன். கேட்காவிட்டால் அது இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. வேனில் வந்த சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையும் வெள்ளைச் சட்டையுமாக நடு வரிசைகளில். வீட்டுக்காரர் மடியில் பொன்னாடைப் பை. முன்வரிசையில் மேடம், பக்கத்தில் தெற்கேயிருந்து வந்த வெளித் தேர்வாளர், தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். இரண்டாவது வரிசை ஓரத்தில் அவள்.

ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினேன். முதல் நாலு அத்தியாயம் பழகின பாதை. ஐந்தாவது வந்ததும் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ‘மிச்சமுள்ள படம் ஒன்றாகவே இருக்கும்’ என்ற வரி திரையில் வந்தது. அதைப் படிக்காமல் தாண்டினேன். தேர்வாளர் பேனாவை எடுத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான். கடைசியில் ‘நன்றி’ வந்தது. கைதட்டினார்கள். தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நாலாவது அத்தியாயத்தில். பதில் சொன்னேன்.

மேடம் எழுந்து, பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்றார். இயற்பியல் சார் எழுந்து என் சீட்டை என் முன்னாலேயே விரித்து வைத்துக்கொண்டு வரி பிசகாமல் படித்தார். பதில் சொன்னேன். அடுத்து அவள் எழுந்தாள். சீட்டு கையில் இருந்தது. பிரித்தாள், பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ‘நடைமுறைப் பயன்’ என்ற பதில் என் வாய்க்குள் தயாராக நின்றது. அவள் சீட்டை மறுபடி மடித்துவிட்டாள்.

“அஞ்சாவது அத்தியாயத்துல” என்று ஆரம்பித்தாள். செருமிக்கொண்டாள். “ஒரு புள்ளிய எடுத்த பிறகு மிச்சப் படம் ஒண்ணாவே இருக்கும்னு சொல்றீங்க. அது எப்புடிங்க?”

அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

அடிப்பாவி என்று உள்ளுக்குள் ஒரு குரல் கத்தியது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அரங்கம் காத்திருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளும் தலையாட்டி உட்கார்ந்திருப்பாள், யாருக்கும் புரிந்திருக்காது. என் விரல் பொத்தானில் இருந்தது. அழுத்தினேன். நன்றி போனது. ஏழு புள்ளிகள் வந்தன.

“இருக்காது” என்றேன். “நடுப்புள்ளிய எடுத்தா ரெண்டாப் பிரிஞ்சிரும். என் நிரூபணம் தப்பு. தேற்றமும் இந்தப் படத்துக்குப் பொய்.”

படம் அழகாக இருந்ததால் வேனில் வந்த யாரோ கைதட்டினார்கள். மேடம் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. தேர்வாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். விரலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, வாய்க்குள் எண்ணினார். திரும்ப எண்ணினார்.

“மூணு வேணும்” என்றார். “எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“திங்கக்கிழமை சார்.”

“அப்பறம் ஏன் இத நன்றிக்குப் பின்னால வச்சீங்க?”

“பயம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும் ரெண்டு தடவ படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் தெரியலியே” என்றார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. நாலு நாளாகக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே கலக்கம்.

அன்றைக்கு முடிவு அறிவிக்கவில்லை. ஐந்தாவது அத்தியாயத்தைத் திருத்தி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். எந்தப் புள்ளியை எடுத்தாலும் பிரியாத படங்களுக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் தேற்றம் நின்றது, ஆனால் பாதியாகச் சுருங்கிப்போனது. பட்டம் பிற்பாடு வந்தது. அதற்குள் அந்த வருஷத்து வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பொன்னாடையைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வழியில் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்: “பழுதுன்னு தெரிஞ்சே யாராச்சும் கடைல வச்சு விப்பாகளா?” நான் அழுதுவிட்டேன். அதற்கப்புறம் அவர் இதைப் பற்றிப் பேசினால் சிரிப்பதோடு சரி.

வேன் கிளம்புவதற்கு முன்னால் அவளைத் தேடிப் போனேன். அரங்கத்துக்குப் பின்பக்கம் படியில் உட்கார்ந்திருந்தாள். திட்டத்தான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏன்டி?” என்றேன். “நீதான சொல்லாதீங்கன்ன?”

“சீட்டப் படிக்கத்தான் எந்திரிச்சேன்” என்றாள். கையில் அந்தச் சீட்டு நனைந்து கூழாகியிருந்தது. “தைரியம்லாம் ஒண்ணுமில்லக்கா. ஒங்க மூஞ்சியப் பாத்தேன். அடுத்த வருஷம் அந்த எடத்துல இதே மூஞ்சியோட நான் நிக்கணும்ல? அத நெனச்சேன், பயந்துட்டேன்.”

“மூணாவது அத்தியாயம்?”

“போச்சு” என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் கை நடுங்கியது என்று தெரியவில்லை.